பாட்டு வராத தட்டு: டெட்ராய்ட், கிங்ஸ்டன், சிம்மக்கல்

மாமா செத்துப் போன பிறகு அவருடைய ரேடியோ செட்டு சாமான்களில் பாதி எடைக்குப் போய்விட்டது. மீதி, சிம்மக்கல்லில் வைகைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், அத்தை வீட்டுப் பரணில் கிடக்கிறது. அகுஜா ஆம்ப்ளிபயர் ஒன்று, யூனிட் கழற்றாத குழாய் ஒன்று, இரண்டு எல்.எம்.டி., எலி கடித்த வயர்ச் சுருள். சமீபத்தில் ஒருநாள் அதையெல்லாம் இறக்கித் துடைத்து ஓடவிட்டேன். போட்டது அம்மன் பாட்டு இல்லை. ஹுவான் அட்கின்ஸ், மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட் என்கிற இரண்டு பேர் சேர்ந்து செய்து, பெர்லினின் ட்ரெஸோர் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘பார்டர்லேண்ட்’. அதையும், அதே இருவர் 2016இல் கொண்டுவந்த ‘டிரான்ஸ்போர்ட்’டையும் நண்பர் ஒருவரின் மகன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். தட்டு என்று நான் சொல்வது பழக்க தோஷம்.

பத்து நிமிஷம் ஓடியிருக்கும். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“பாட்டு எப்பய்யா வரும்?”

“இதுல பாட்டு வராது அத்தை. இவ்வளவுதான்.”

“அப்ப உங்க மாமா டெஸ்டிங் போடுற மாதிரி. அதான் நெறைய கேட்டாச்சே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை சொன்னதில் தப்பில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு எனக்கு வேறொரு பிரச்சினை. இதே தட்டை நான் முன்பே காதில் மாட்டிக் கேட்டிருந்தேன். அப்போது நெஞ்சுக்கூட்டில் இடித்த அடி ஒலி இப்போது சுத்தமாகக் காணோம். டிக் டிக்கென்று மேலே ஒரு தாளம், அதன் பின்னாலேயே ஒரு எக்கோ, தகரத்தில் மழைத் தூறல் விழுவதுபோல் ஏதோ ஒன்று. அவ்வளவுதான் குழாயிலிருந்து வந்தது. செட்டு ரிப்பேர் இல்லை. கூம்புக் குழாய் சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே எதையும் உருப்படியாகத் தராது. இந்தத் தட்டின் உயிரோ ஐம்பது, அறுபது ஹெர்ட்சில் இருக்கிறது. அரை நூற்றாண்டாக நம்ம தெருக்கள் கேட்ட அத்தனை இசையும் இந்தக் குழாய்வழி வந்தது என்றால், நாம் கேட்டதெல்லாம் தலையும் தோளும் மட்டும்தானா, இடுப்புக்குக் கீழே எங்கே போயிற்று என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டுரை காணாமல் போன அந்த அடி ஒலியைத் தேடிப் போனது.

முதலில் இந்த இரண்டு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அட்கின்ஸ் 1962இல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பர். ஊர் முழுக்கக் கார் ஆலை. தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு ரயிலேறி வந்த கறுப்பின மக்கள் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் வேலைக்கு நின்ற ஊர். 1967 ஜூலையில் அங்கே போலீசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்து 43 பேர் செத்தார்கள். வெள்ளையர்கள் புறநகருக்கு நகர்ந்தார்கள், ஆலைகளில் இயந்திரக் கை வந்தது, ஆள் குறைந்தது. 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2010 கணக்கெடுப்பின்போது ஏழு லட்சத்துச் சொச்சம்தான் மிச்சம். ‘பார்டர்லேண்ட்’ வெளிவந்த அதே 2013இல், ஜூலை மாதம், டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு கொடுத்தது.

அந்த ஊரில் அட்கின்ஸ், வியட்நாம் போருக்குப் போய்வந்த ரிக் டேவிஸ் என்பவரோடு சேர்ந்து சைபோட்ரான் என்ற பெயரில் 1981இல் முதல் தட்டைப் போட்டார். 1983இல் இவர்களது ‘கிளியர்’. இரண்டு ஆண்டு கழித்து மெட்ரோப்ளெக்ஸ் என்று சொந்தமாக ஒரு லேபிள். பின்னால் டெக்னோ என்று உலகம் பெயர் வைத்ததன் முதல் பக்கங்கள் இவை. ‘கிளியர்’ வருவதற்கு ஓராண்டு முன்பு, 1982இல், நியூயார்க்கின் ஆப்ரிக்கா பம்பாட்டா, ஜெர்மானிய வெள்ளையர்களான கிராஃப்ட்வெர்க்கின் மெட்டை எடுத்து ரோலண்ட் 808 என்ற ஜப்பானியத் தாளப்பெட்டியில் போட்டு ‘பிளானட் ராக்’ செய்திருந்தார். எலக்ட்ரோ என்பது அது. 808ஐ 1980இல் விற்கத் தொடங்கி 1983இல் நிறுத்திவிட்டார்கள். நிஜத் தோல்கருவி மாதிரி இல்லை என்று பெரிய ஸ்டூடியோக்காரர்கள் ஒதுக்கினார்கள், விலை விழுந்தது, அடகுக் கடைக்கு வந்தது. அப்புறம்தான் அது ஆள வேண்டியவர்கள் கைக்குப் போனது.

அட்கின்ஸும் கூட்டாளிகளும் ஆல்வின் டாஃப்லரைப் படித்து உற்சாகப்பட்டவர்கள். அதே டாஃப்லரை நாங்கள் 90களில் உலகமயத்தின் குடுகுடுப்பைக்காரர் என்று திட்டிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். திட்டியது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால், தகப்பன் வேலையைப் பிடுங்கிய இயந்திரத்தின் தம்பியை மகன் அடகுக் கடையில் வாங்கி வந்து, வீட்டுக்குள் வைத்து, அதனிடமே தாளம் கேட்கிறான் என்கிற காட்சி எங்கள் யாருடைய கட்டுரையிலும் இல்லை. இயந்திரம் என்றால் எதிரி, அல்லது இயந்திரம் என்றால் வளர்ச்சி. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு மூன்றாவது ஆள் உண்டு. ரிப்பேர் பார்ப்பவன்.

அவனைத் தேடினால் கிங்ஸ்டனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஜமைக்காவின் தலைநகரம். ஆஸ்பர்ன் ரடாக் என்ற ஒருவர், 1941இல் பிறந்தவர், அங்கே வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்பார்மர் சுற்றுவார். பிறகு சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்தார். நம்ம வார்த்தையில் மைக் செட். ஊர் அவரைக் கிங் டப்பி என்றது. அதே காலத்தில், 1968 வாக்கில், ரடி ரெட்வுட் என்ற இன்னொரு செட்டுக்காரருக்காக ஒரு தட்டு வெட்டும்போது பாடகர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். குரலில்லாத அந்தத் தட்டை அவர் கொண்டுபோய் ஆட்டத்தில் போட்டார். கூட்டம் முழுக்க அவர்களே பாடினார்கள். அதற்கு ‘வெர்ஷன்’ என்று பெயர் வந்தது.

டப்பி இதை எங்கேயோ கொண்டுபோனார். நாலே நாலு டிராக் உள்ள பழைய மிக்சிங் மேஜை ஒன்று. அதில் குரலைத் தூக்கினார், டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டார். போன குரலின் ஒரு துண்டு திடீரென்று எக்கோவில் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். மேஜையில் ஒரு பெரிய திருகு இருந்தது. அதைத் திருகினால் 70 ஹெர்ட்சிலிருந்து 7,500 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக அடி ஒலி அறுந்துகொண்டே போகும். கடைசியில் தகரச் சத்தம் மட்டும் மிஞ்சும். அந்த நொடியில் கூட்டம் மூச்சைப் பிடிக்கும். திருகை விட்டதும் பேஸ் முழுசாக வந்து இறங்கும். டப் என்பதன் சூட்சுமம் இதுதான்: இல்லாமல் ஆக்கி, ஏங்க வைத்து, கொடுப்பது. 1976இல் அகஸ்டஸ் பாப்லோவோடு இவர் செய்த ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ என்ற ஒரு தட்டு போதும். 1989 பிப்ரவரியில் வீட்டு வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள்.

ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு என்று பார்த்தை வைத்துக்கொண்டு மதுரை டீக்கடைகளில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது 80களின் கடைசியில். அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே ஒரு ரேடியோ மெக்கானிக் பாடகனை மேஜையைவிட்டு இறக்கிவிட்டு, பிரதியின் பிரதியைக் கொண்டு ஊரை ஆட வைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைக் கோட்பாடு என்று ஒத்துக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். டப்பி பெரிய திருகைத் திருகிச் செய்ததை எங்கள் மாமாவின் குழாய் எந்தத் திருகும் இல்லாமலேயே செய்துகொண்டிருந்தது. நிரந்தரமாக. அடி ஒலி அறுந்த நிலையிலேயே ஒரு சமூகம் ஐம்பது வருஷம் பாட்டுக் கேட்டது. திருகை விட்டு அதைத் திரும்பக் கொடுக்கிற கணம் மட்டும் வரவேயில்லை.

ஏன் நமக்குக் குழாய், அவர்களுக்குப் பெட்டி? காசில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கிங்ஸ்டன் சேரியிலும் காசில்லை. அவர்கள் அலமாரி உயரத்துக்கு மரப்பெட்டி அடித்து அதில் ஸ்பீக்கரைப் பதித்தார்கள். காரணம் எளியது. அங்கே செட்டுக்காரன் வேலிபோட்ட திறந்தவெளியில் டிக்கெட் போட்டான், பீர் விற்றான். ஒலியைத் தேடி ஆள் காசு கொடுத்து வந்தது. வந்த ஆள் திரும்ப வர வேண்டுமென்றால் ஒலி அவன் உடம்பைத் தொட வேண்டும். இங்கே ஒலி ஆளைத் தேடிப் போனது, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். காசு கொடுத்தவர் கோயில் தர்மகர்த்தா, கட்சிக் கிளைச் செயலாளர், கல்யாண வீட்டுக்காரர். அவர்களுக்கு வேண்டியது, தன் வீட்டு விசேஷம் நாலு தெரு தள்ளிக் கேட்க வேண்டும். அதற்குக் குழாய்தான் சரி. குறைந்த வாட்டில் நெடுந்தூரம். வேப்பமரத்து உச்சியில் கட்டி வயல்பக்கம் திருப்பிவிட்டால் அடுத்த ஊருக்குச் சேதி போய்விடும்.

வேறு மாதிரி சொன்னால், குழாய் என்பது வாய். பேச வந்தது. மேடைத் தமிழின் அரசியலை மதுரையில் தங்கி ஆராய்ந்து 2009இல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் பேட், திராவிட இயக்கம் செந்தமிழைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஒரு புதிய அரசியல் அழகியலையே உருவாக்கியது என்று காட்டினார். உண்மை. அந்தச் செந்தமிழைத் தெருவில் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் குழாய். ‘பராசக்தி’, ‘கட்டபொம்மன்’ வசனத் தட்டுகள் கல்யாண வீட்டில் ஓடியது, ‘விதி’ படத்துக் கோர்ட் சீன் கேசட்டு தெருத்தெருவாக ஓடியது எல்லாம் இந்த வாய்வழிதான். வசனத்துக்கு அடி ஒலி தேவையில்லை. உடம்பு தேவையில்லை. ஆணும் பெண்ணும், மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே திடலில் ஆடுவதைச் சகிக்காத ஊருக்கு, தள்ளி நின்று கேட்கும் ஒலிதான் தோதானது. பெட்டி என்றால் கிட்டே வர வேண்டும். கிட்டே வந்தால் யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

நான் பன்னிரண்டு பதிமூன்று வயதில், சனி ஞாயிறு, மாமாவோடு வயர் இழுக்கப் போவேன். கிராமத்துக் கொடைக்குப் போனால் முதலில் கேட்பது “எதுவரைக்கும் குழா கட்டணும்?” அந்த ‘எதுவரைக்கும்’ என்பதுதான் ஊரின் எல்லை. ஒரு ஊரில் கடைசிக் குழாயைக் கட்டிய கம்பத்துக்கு அப்பால் இருபது வீடு இருந்தது. வயர் மிச்சம் இருந்தது, குழாயும் மிச்சம் இருந்தது. “அங்கிட்டு வேணாம்ப்பா” என்றார்கள். மாமா ஒன்றும் பேசவில்லை. குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கினார். அதைப் புரட்சி என்று சொல்ல மாட்டேன். கம்பத்தில் ஏறத் தெரிந்தவன் செய்யக்கூடியது அவ்வளவுதான். சாமி பாட்டு முடிந்து சாதிப் பெருமைப் பாட்டு போடச் சொன்ன ஊரும் உண்டு. போட மறுத்து வாடகை போனதும் உண்டு, பயந்து போட்டதும் உண்டு. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் எக்கோ மட்டும் எங்களிடம் இருந்தது. பெட்டிக்குள் இல்லை, தெருவில். நூறு மீட்டர் தள்ளி இரண்டு குழாய் கட்டினால் ஒலி வந்து சேர மூன்றில் ஒரு பங்கு வினாடி வித்தியாசம். ஒரே வரி இரண்டு தடவை கேட்கும். தெரு வளைந்தால் மூன்று தடவை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வருகிற ராத்திரி, புதூரிலிருந்து தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக வைகைக்கு நடந்து வந்திருக்கிறீர்களா? மண்டகப்படிக்கு மண்டகப்படி ஒரு செட்டு. எல்.ஆர். ஈஸ்வரி தேயத் தேய டி.எம்.எஸ். ஏறுவார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும் பத்து அடி தூரத்தில் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அதை யாரும் இசையமைக்கவில்லை. ஆற்று மணலில் நின்றால் அக்கரைச் செட்டும் இக்கரைச் செட்டும் முட்டிக்கொள்ளும். கிங்ஸ்டனில் இதற்கு மோதல் என்று பெயர் வைத்துப் போட்டியே நடத்தினார்கள். இங்கே அதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்து 2000இல் விதி வந்தது, 2005இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை தடை. எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் வேலை என்று ஜாக் அத்தாலி 1977இல் எழுதினார். இருக்கட்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும் என்பதும் உண்மைதான். அத்தாலி வீட்டுக்குப் பக்கத்தில் முளைப்பாரி ஊர்வலம் போயிருக்காது.

டப்பியின் செட்டில் யூ-ராய் மைக்கைப் பிடித்துப் பாட்டின் மேலேயே பேசினார். அது ஒரு கலையாக வளர்ந்தது. நம்ம செட்டுக்காரருக்கு மைக்கில் பேசக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம், திருவிழாவில் காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்வது. மாமா அதை ரொம்ப நன்றாகச் சொல்வார். பாட்டைப் பாதியில் இறக்கி, சொல்லிவிட்டு, இறக்கிய இடத்திலேயே மெதுவாக ஏற்றுவார். இருபது வருஷம் கழித்துக் கிங்ஸ்டன் தட்டுகளைக் கேட்டபோதுதான் அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

இனி நான் தப்பாகப் பேசிய ஒரு விஷயம். 90களின் நடுவில் மதுரையில் ஒரு கருத்தரங்கில், ரேடியோ செட்டும் தாளப்பெட்டியும் சேர்ந்து பறையைக் கொன்றுவிட்டன என்று ஒரு கட்டுரை வாசித்தேன். மண்ணின் இசை, மூலதனத்தின் இயந்திரம் என்றெல்லாம். கைதட்டினார்கள். அது பறை மேடை ஏறிக்கொண்டிருந்த காலம். அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலை விழாக்கள், கே.ஏ. குணசேகரனின் பாட்டு, தியோபிலஸ் அப்பாவுவின் பாட்டு. இழிவின் அடையாளம் விடுதலையின் கருவியாக மாறிக்கொண்டிருந்தது. அதே காலத்தில்தான் பல கிராமங்களில் இனி உங்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக உதையும் ஊர்விலக்கும் வாங்கினார்கள். என் கட்டுரை முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். அடிக்கிறவர். “நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா சாவு வீட்டுக்கு ரேடியோ செட்டு வந்தப்பெறகுதான் எங்கப்பன் ராத்திரி வீட்ல படுத்து ஒறங்குனாரு” என்றார். உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதில் இல்லை.

கட்டாயத்தால் அடித்த பறையின் இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்தபோது, ஒரு கலை போனது என்று நாங்கள் அழுதோம். ஒரு வெட்டிவேலை போனது என்று அவர் மகன் நினைத்திருக்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது. டெட்ராய்ட்டின் தாளப்பெட்டி இந்த இடத்தில்தான் எனக்குப் புரியத் தொடங்கியது. கறுப்பன் என்றால் ஆன்மாவிலிருந்து பாட வேண்டும், வியர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று வெள்ளை ரசிகனிடம் உண்டு. அட்கின்ஸ் அதற்கு முதுகைக் காட்டினார். ரோபோ மாதிரி பேசினார், விண்கலம் பற்றிப் பாடினார். மனிதன் என்று தன்னை ஒத்துக்கொள்ளாத ஊரில், சரி நான் மனிதனே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது ஒரு வகைப் போராட்டம். பறைக்காரர் வீட்டுப் பையன் பறை அடிக்க மாட்டேன், கீபோர்டு படிப்பேன் என்றால் அவனைப் பார்த்து ‘வேர் இழந்தவன்’ என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

இப்போது பெர்லின். மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் பேசிக் சேனல் என்ற பெயரில் 1993லிருந்து போட்ட தட்டுகளில்தான் டெட்ராய்ட்டின் தாளமும் கிங்ஸ்டனின் எக்கோவும் ஒன்றாகக் கலந்தன. எர்னஸ்டஸ் 1989இல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைதான் அவர்களுக்கு நூலகம். பெயர் போடாமல், முகம் காட்டாமல் தட்டு விட்டார்கள். நியூயார்க்கில் லாயிட் பார்ன்ஸ் நடத்திய வாக்கீஸ் என்ற ரெகே லேபிளின் பழைய தட்டுகளை 2001லிருந்து திரும்ப அச்சடித்துத் தந்தார்கள். கடன் வாங்கியவர்கள் கடனைச் சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், நம்ம சினிமாக்காரர்கள் பலரிடம் காணாத குணம். ட்ரெஸோர் என்பதும் முதலில் ஒரு கிளப். சுவர் விழுந்த பிறகு, 1991இல், கைவிடப்பட்ட ஒரு பல்பொருள் அங்காடியின் பாதாளப் பெட்டகத்தில் திறந்தது. அட்கின்ஸும் ஃபான் ஓஸ்வால்டும் 90களின் தொடக்கத்திலேயே அந்த வட்டத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஆக ‘பார்டர்லேண்ட்’ இரண்டு பெரியவர்கள் இருபது வருஷம் கழித்துத் திரும்ப உட்கார்ந்தது. இடையில் 2008இல் ஃபான் ஓஸ்வால்டுக்குப் பக்கவாதம் வந்து மீண்டார்.

இன்னொரு தகவல். ஃபான் ஓஸ்வால்ட், பிஸ்மார்க்கின் வம்சாவளி. 1884-85இல் பெர்லினில் மாநாடு கூட்டி ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்ள விதிமுறை வகுத்த அதே பிஸ்மார்க். அவர் வம்சத்தின் தலைமுறையும் அடிமைக் கப்பலில் வந்தவர்களின் தலைமுறையும் ஒரே மேஜையில். இதை வைத்துக் கண்ணீர் வரவழைக்கும் ஒரு சமரசக் கதை எழுதலாம். நான் எழுத மாட்டேன். தட்டிலும் அப்படி ஒன்றும் இல்லை. ‘எலக்ட்ரிக் கார்டன்’ என்ற ஒரே துண்டு, அதே தட்டில் இரண்டு வெர்ஷனாக இருக்கிறது. இரண்டிலும் தாளம் மாறுவதே தெரியாமல் மாறுகிறது. ஒரு கம்பிச் சத்தம் போய்த் திரும்ப வருகிறது. யாரும் யாரையும் முந்தவில்லை. ‘டிரான்ஸ்போர்ட்’டில் அட்கின்ஸின் கை கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. தாளத்துக்கு முறுக்கு இருக்கிறது, எலக்ட்ரோ எலும்பு வெளியே தெரிகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

பிடிக்காததும் உண்டு. இந்தத் தட்டுகளில் தெரு இல்லை. டப்பியின் எக்கோவில் கிங்ஸ்டன் சந்து இருந்தது. பாடகனின் துண்டுபட்ட குரல், அதாவது ஒரு ஆள், வந்து வந்து போனான். இங்கே எக்கோ சுத்தமாக இருக்கிறது. எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று தெரியாத எக்கோ. குரலைத் தூக்குவது டப்பிக்கு ஒரு செயல். கூட்டம் அந்தக் காலி இடத்தில் பாடியது. இவர்களுக்குக் குரல் தொடக்கத்திலிருந்தே இல்லை, ஆகவே காலி இடமும் இல்லை. டெட்ராய்ட் திவாலான மாதங்களில் வந்த தட்டு என்று கேட்டு யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று அட்கின்ஸிடம் கேட்டால், நான் எப்போது அழுகிறேன் என்று நீ முடிவு செய்யாதே என்று சொல்வாராயிருக்கும். அந்தப் பெரியவருக்குப் பிறகு எனக்கு இந்தப் பதிலை மறுக்கத் தைரியமில்லை. ஆனாலும் குறை குறைதான்.

இங்கே யாரும் செய்யவில்லையா? செய்தார்கள். 1982இல் பம்பாயில், இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், அதே 808ஐயும் 303 என்ற பேஸ் பெட்டியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் எச்.எம்.வி.க்குப் போட்டார். சிகாகோவில் அந்த 303ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் பிறந்தது என்கிறார்களே, அதற்கு ஐந்து வருஷம் முன்பு. யாரும் வாங்கவில்லை. 2010இல் ஒரு டச்சுக்காரர் தேடிப்பிடித்துத் திரும்ப வெளியிட்டார். 2015இல் சரண்ஜித் சிங் காலமானார். தமிழில் 1986இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களில் இளையராஜா இந்த இயந்திரங்களைக் கொண்டுவந்தார். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடை மேடையாக ஏறிப் பாடி வந்தவர் அவர். மைக் செட்டின் பிள்ளை. அவருடைய பேஸ் கிடாரை நான் முதலில் கேட்டது தெருக் குழாயில் இல்லை, டீக்கடைப் பெட்டியில். கேசட்டு வந்து, ரெக்கார்டிங் சென்டர்கள் வந்து, டீக்கடைக்காரர் பலகை அடித்து ஸ்பீக்கர் மாட்டிய பிறகுதான் மதுரைக்கு அடி ஒலி வந்தது. ஏற்கெனவே கேட்ட பாட்டைப் புதிதாகக் கேட்டது மாதிரி இருந்தது.

ஆனால் சினிமா ஒன்றுதான் இசை என்றாகிவிட்ட இடத்தில் டீக்கடைப் பெட்டிக்கும் அந்தப் பாட்டே வந்தது. பிரதியை மாற்றும் உரிமை யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காரியத்தைச் செய்ய ஈழத்திலிருந்து அகதியாகி லண்டனில் வளர்ந்த ஒரு பெண் வர வேண்டியிருந்தது. மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ., கடன் வாங்கிய ஒரு ரோலண்ட் பெட்டியில் தொடங்கி 2005இல் ‘அருளர்’ போட்டார். 2007இல் வந்த ‘கலா’வுக்காகச் சென்னைக்கு வந்து உருமியைப் பதிவு செய்தார். அதில் உருமிக்குக் கீழே பேஸ் இருக்கிறது. அப்பன் பெயரும் அம்மா பெயரும் தட்டுக்கு. தெருவும் அடி ஒலியும் சேர்ந்து ஒரு தமிழ்க் கையிலிருந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ‘டிரான்ஸ்போர்ட்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயிலிருந்து ஒரு ‘ம்ம்ம்’ சத்தம் கிளம்பியது. முதலில் தட்டிலேயே இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். அத்தை வெளியே வந்தார். குழாயைப் பார்க்கவில்லை, ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“எர்த்து காஞ்சு போச்சு. ஒனக்குக் கேக்கலையா?”

வயர் போகிற வழியே போய், வாசல் ஓரத்தில் அடித்திருந்த கம்பியின் அடியில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செம்பு. இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாமா கம்பம் ஏறப் போய்விட்டால் நாற்பது வருஷம் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாரென்று நினைக்கிறாய் என்றார். ‘ம்ம்ம்’ அடங்கியது. டிக் டிக்கும் எக்கோவும் மட்டும் மிஞ்சின. அத்தை சவுண்டை ரெண்டு புள்ளி குறைத்துவிட்டு உள்ளே போனார்.